சுளுக்கும் திருநீறும்

வரப்பில் கால் இடறாத உழவர் இல்லை; விளையாட்டுத் திடலில் கணுக்கால் பிசகாத மாணவரும் அரியர். பிசகிய காலுடன் கிராமத்திற்குத் திரும்பினால் முதலில் நினைவுக்கு வருபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், சுளுக்கு வழிப்பவரே. அவர் எண்ணெய் தொட்டு, வாய்க்குள் மந்திரத்தை முணுமுணுத்தபடி மேலிருந்து கீழாக வழித்துவிட்டு, முடிவில் திருநீறு இட்டு அனுப்புவார். தர்காவில் ஓதி ஊதுவதும், மாதா கோவிலில் எண்ணெய் பூசிச் செபிப்பதும் இவ்வகையைச் சேர்ந்தனவே. இரட்டையராய்ப் பிறந்தவர் நீவினால் சுளுக்கு விடும், காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்புப் போகும் என்பவையும் நாம் கேட்டு வளர்ந்தவை. பாண்டிய மன்னனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்த்தார் எனப் பெரியபுராணம் கூறுவதிலிருந்து, இந்நம்பிக்கையின் வேர் எத்துணை ஆழமானது என்பது விளங்கும்.

இவையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது கல்லூரி மாணவருக்கு எளிது. ஆனால், வழித்துக்கொண்டவர் எழுந்து நடக்கிறாரே! அதற்கு விடை கூறாமல் தள்ளினால் வீட்டில் நம் பேச்சை எவரும் கேட்கமாட்டார், கேட்கவேண்டியதும் இல்லை.

பாதம் உட்புறமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் மிகையாக இழுபடுகிறது. சில இழைகள் கிழிவதும் உண்டு. அவ்விடம் நீர் கோத்து வீங்குகிறது. சில நாட்களில் அங்குள்ள செல்கள் கொலாஜன் என்னும் புரதத்தை உண்டாக்கிக் கிழிசலை ஒட்டத் தொடங்குகின்றன. மெல்லிய சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். மந்திரித்தாலும் ஆறும், மந்திரிக்காவிட்டாலும் ஆறும். மேலும், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மந்திரிப்பவரை நாடுகிறார். உச்சத்திற்குப் பின் இறக்கந்தானே வரும்? அவ்விறக்கம் முழுவதும் மந்திரத்தின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

ஆயினும், கை வைத்த சிறிது நேரத்திலேயே வலி குறைந்தது என்பவர் பொய் சொல்லவில்லை. தொடு உணர்ச்சி தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைத்துவிடும் என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் விளக்கினர். அடிபட்ட இடத்தை நாம் தன்னையறியாமல் தேய்த்துக்கொள்வது இதனாலேயே. நம்பிக்கையின் பங்கு இன்னும் வியப்பானது. கலிபோர்னியாவில் லெவின், கார்டன், பீல்ட்ஸ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்ட சிலருக்கு மருந்தே இல்லாத ஊசியால் வலி தணிந்தது. அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலாக்சோனை அவர்களுக்குச் செலுத்தியதும் வலி கூடிற்று! மருந்து கிடைத்ததென்ற நம்பிக்கையில் அவர்களுடைய உடலே அபின் போன்ற என்டார்பின்களைச் சுரந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. நம்பிக்கையால் வலி தணியும். அதனால் கிழிந்த நார் விரைந்து ஒட்டுவதில்லை.

மந்திரிப்பவர் கையிலிருந்து ஆற்றல் ஏதேனும் பாய்கிறதா? அமெரிக்காவில் உடலைத் தொடாமலே அதைச் சூழ்ந்துள்ள ஆற்றலைக் கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகக் கூறும் செவிலியர் உண்டு. எமிலி ரோசா என்னும் 9 வயதுச் சிறுமி அவர்களைச் சோதித்தாள். தடுப்பின் துளைகள் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்ட, காசு சுண்டிப் பார்த்து ஏதேனும் ஒன்றின்மேல் தன் கையை நீட்டி, எந்தக் கை என்று கேட்டாள். 21 பேர், 280 முறை. சரியான விடை 123. கண்ணை மூடிச் சொல்லியிருந்தாலே 140 வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளியாயிற்று. ஒரு தடுப்பும் ஒரு காசும் கொண்டு நம் ஆய்வுக்கூடத்திலும் செய்யத்தக்க சோதனை இது.

மந்திரத்தைவிட நான் அஞ்சுவது வழித்தலுக்கே. சுளுக்கென்று நினைத்தது எலும்பு முறிவாக இருந்தால்? 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வயதுவந்தோருக்கு எளிய விதி வகுத்தனர். கணுக்கால் வலியுடன், அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடிகூட எடுத்துவைக்க இயலாவிட்டாலோ, கணுக்கால் முட்டெலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்கவேண்டும். இதைச் சுளுக்கு வழிப்பவருக்கே சொல்லிக்கொடுக்கலாம். ஊரார் முதலில் செல்வது அவரிடந்தானே! முறிவு இல்லையென்றால், வீக்கத்தை முதல் இரண்டு மூன்று நாட்கள் அழுத்தி வழிக்காமல், துணியால் கட்டி உயர்த்தி வைத்துவிட்டு, திருநீற்றை எவர் இட்டாலும் காலுக்குக் கேடில்லை.