கிராஸ்மக்ளென் ஆடுகளம்

காற்பந்து என்ற அளவில் ஆங்கிலேயர் உலகெங்கும் பரப்பிய ஆட்டமே நம்மனோர் நினைவிற்கு வரும். அயர்லாந்து நாட்டிலோ அதனின் வேறாய ஓர் ஆட்டம் உண்டு. அதனைக் கேலிக் காற்பந்து என்று வழங்குவர். பக்கத்திற்குப் பதினைவராக நின்று, பந்தைக் காலால் உதைத்தலேயன்றிக் கையாற் பற்றியும் குத்தியும் ஆடுவர். எல்லைக் கம்பங்கள் எச் என்னும் ஆங்கில எழுத்தின் வடிவின. குறுக்குக் கட்டையின் கீழே பந்து புகின் மூன்று புள்ளி. மேலே சென்றால், 2024 வரை இருந்த விதிப்படி, எங்கிருந்து உதைப்பினும் ஒன்று. இக்கணக்கை வாசகர் நினைவிற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தர்லஸ் என்னும் ஊரில் மைக்கேல் குசாக், மாரிஸ் டேவின் முதலியோர் கூடி, தம் நாட்டு ஆட்டங்களைப் பேணுதற்கென ஒரு சங்கம் நிறுவினர். அதன் கிளைகளாய கழகங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பங்குகளின் எல்லையை ஒட்டி அமைந்தன. ஆடுவோர்க்குச் சம்பளமில்லை. பிறந்த ஊர்க்கே ஆடுதல் மரபு. ஆதலின் கழகத்தின் கதை ஊரின் கதையேயாகும்.

அங்ஙனம் 1887-இல் தோன்றியதே கிராஸ்மக்ளென் ரேஞ்சர்ஸ் கழகம். ஆர்மா மாவட்டத்தின் தென்கோடியில், எல்லைக்கோட்டின் அருகே உள்ளது அவ்வூர். 1921-இல் நாடு பிரிவுற்றபோது ஊர் வடபாலுள்ள பிரிட்டிஷ் ஆட்சியிலேயே நின்றது. அயற்கிராமங்கள் சில தென்பாலாயின. கழகத்தார் ஆடுகளத்திற்கு ஆலிவர் பிளங்கெட் என்னும் அர்ச்சியசிஷ்டரின் பெயர் இட்டனர். இவர் ஆர்மாவின் பேராயராயிருந்து 1681-இல் லண்டன் மாநகரில் தூக்கிலிடப் பெற்றவர்.

1970-க்குப் பிற்பட்ட கலக காலத்தே துன்பம் களத்தினுள்ளேயே புகுந்தது. களத்தை அடுத்திருந்த போலீஸ் நிலையம் பட்டாளத்தின் கோட்டையாகி, கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியையும் தன்னுட் கொண்டது. ஹெலிகாப்டர்கள் வந்திறங்குங்கால் ஆட்டம் நின்றுவிடும். மதிலைத் தாண்டி வீழ்ந்த பந்து மீளாமையும் உண்டு. காவற்கோபுரத்தின் கண்காணிப்பிலேயே சிறுவர் பந்தாடப் பயின்றனர். கழகத்தார் நிலத்தை விட்டு வேறிடம் பெயர்ந்திலர்; நஷ்டஈடு கேட்டு நெடுங்காலம் வாதாடினர்.

மற்றொரு பக்கத்தையும் ஈண்டு மறைத்தல் நேர்மையன்று. அவ்வூர்த் தெருக்களிற் குண்டுக்கும் வெடிக்கும் இரையான போர்வீரர் பலர், அவரும் இளைஞரே. சங்கமும் தன் இருபத்தோராம் விதியால் பிரிட்டிஷ் படையினரையும் வடவயர்லாந்துப் போலீசாரையும் உறுப்பினராகாவண்ணம் விலக்கி வைத்திருந்தது. 2001-ஆம் ஆண்டிலேதான் அது நீக்கப்பட்டது. விளையாட்டு பகைமையைத் தணிக்கும் என்பர். இங்கே அது பல்லாண்டு பகைமையின் நடுவிலேயே நின்று ஆடப்பெற்றது என்பதே எமக்குத் தோன்றுவது.

வியப்பென்னவெனின், இந்நெருக்கடியிற் பயின்ற பிள்ளைகளே பின்னர் நாடறிய வென்றனர். ஜோ கெர்ணன் என்பார் பயிற்சி தர, 1997-ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துக் குரோக் பார்க்கில் அயர்லாந்துக் கழகங்களுக்கெல்லாம் தலைமைப் பட்டம் பெற்றனர். 1999, 2000 ஆண்டுகளிலும் அவர்க்கே வெற்றி. பின்பு 2007, 2011, 2012 எனப் பட்டங்கள் ஆறாயின. ஆர்மா மாவட்டப் போட்டியிலோ 1996 முதல் 2008 வரை பதின்மூன்றாண்டு இடையறாது வென்றனர். ஈராயிரம் பேரும் நிரம்பாத ஊர் என்பதை எண்ணுக!

கெர்ணன் பின்னர் ஆர்மா மாவட்டக் குழுவிற்கும் ஆசானானார். 1977-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இவர்தாமே ஆடித் தோற்றவர். 2002-இல் வலிமை மிக்க கெரியை எதிர்த்தபோது, பாதி ஆட்டத்தில் ஆர்மா நான்கு புள்ளி பின்தங்கியது. கிராஸ்மக்ளென் வீரர் ஆஷீன் மக்கொன்வில் தமக்குக் கிட்டிய தண்டனையுதையையும் இழந்திருந்தார். இடைவேளையிற் கெர்ணன், தோற்றவர்க்கென அன்று தமக்களித்த நினைவுத் தகட்டை எடுத்துக் காட்டி, சுவரிலெறிந்து உடைத்தாராம். மீண்டும் களம் புக்கபின் மக்கொன்வில்லே பந்தைக் கட்டையின் கீழே செலுத்தினார். முடிவில் ஆர்மா ஒரு மூன்றும் பன்னிரண்டும், ஆகப் பதினைந்து, கெரி பதினான்கு. அம்மாவட்டம் அதற்குமுன் அப்பட்டம் கண்டதில்லை. இழந்த உதை எத்துணை வருத்தியிருக்கும் என்பதைக் கல்லூரிக் களத்தில் ஒருமுறையேனும் உதை தவறிய எம்போல்வார் நன்கறிவர்.

1998-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப்பின் படை மெல்ல மெல்ல விலகிற்று. 2007-இல் கிராஸ்மக்ளென் பட்டாள நிலையம் மூடப்பெற்றது. ஊரார் ஆறில் நான்காம் பட்டம் கொணர்ந்ததும் அவ்வாண்டிலேயே.