நிறத்துக்கு முன்னால் கோடு



கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பெரிய படம் ஒன்று வரைந்து தர ஒப்புக்கொண்டால், வண்ணம் வாங்குவதற்கு முன் ஒரு கட்டுத் தாளும் மையும் வாங்கு. படத்தில் உனக்கு வரும் சந்தேகமெல்லாம் கோட்டிலேயே தீர வேண்டும். தீராததை வண்ணம் மறைக்கும், திருத்தாது.

நீ இருக்கும் வாலாஜாபேட்டையிலிருந்து காஞ்சிபுரம் பக்கம்தான்; கோட்டின் பலத்தை அங்கே போய்ப் பார். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் சிறு சந்நிதிகளில் இருந்த ஓவியங்களை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் கண்டறிந்தார். சிவனும் உமையும் குழந்தைக் கந்தனும் சேர்ந்திருக்கும் அங்குள்ள சோமாஸ்கந்தர் ஓவியத்தில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எஞ்சிய கோடுகளை வைத்தே யார் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று படிக்க முடிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களோ ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டியவை. சுண்ணம் உலர்வதற்குள் வேலை முடிய வேண்டுமென்றால், சுவர் முன்னால் நின்று யோசிக்க நேரம் ஏது? யோசனை முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த யோசனை நடந்த வரைவுகள் நம் கைக்கு வந்து சேரவில்லை.

அப்படிப்பட்ட வரைவுகளைக் காண இத்தாலிய ஓவியர் ஒருவரிடம் போவோம். பரோக் காலத்து ஓவியர் குவெர்ச்சினோ (1591–1666), போலோக்னாவின் சான் கிரிகோரியோ தேவாலயத்துப் பீடத்துக்காக, போர்வீரரான புனித வில்லியம் துறவாடை பெறும் காட்சியை 1620இல் தீட்டினார். அதற்காக அவர் வரைந்த தாள்கள் பல இன்றும் இருக்கின்றன. ஒரே காட்சிக்கு ஆட்களை இடம் மாற்றி, திசை மாற்றி, பேனாவால் கிறுக்கி, கரைத்த மையால் நிழல் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒளி எங்கே விழும், கண் முதலில் யாரிடம் போகும் என்பதைத் தாளில் தோற்றுத் தோற்றுத்தான் முடிவு செய்தார். அக்காலப் பேனா மையில் பெரிதும் புழங்கியது ஓக் மரக் காய்ப்பின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்த கலவை. அதே வகைத் துவர்ப்புச் சத்துதான் உங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையாகவும் கடுக்காயாகவும் தோலைப் பதப்படுத்தியது; கலம்காரித் துணியில் கருங்கோட்டைப் பிடித்து நிறுத்துவதும் கடுக்காய்தான். ஆகவே இது அந்நியர் வித்தை என்று ஒதுக்காதே.

நம் மரபில் உருவ அளவுக்குத் தாளக் கணக்கு இருக்கிறதே, வரைந்து பார்ப்பது எதற்கு என்று கேட்பாய். அதில் உத்தம தசதாளம் என்ற முறை உருவத்தை 124 பங்காக்கி அளவு சொல்லும். தாய் குழந்தையை எந்தக் கோணத்தில் பார்க்கிறாள், இருவருக்கும் நடுவே எவ்வளவு வெளி என்று அது சொல்லாது. பல்லவர் காலச் சோமாஸ்கந்தச் சிற்பங்களிலேயே கையமைப்பும் அமர்ந்த நிலையும் மாறுவதைப் பார். டேப்லெட்டில் நொடியில் அழித்துத் திருத்தலாமே என்பது இன்னொரு கேள்வி. தாராளமாகத் திருத்து. ஆனால் அழித்த கோட்டை அடுத்த கோட்டோடு ஒப்பிட முடியாது. மாற்றத்துக்கு முன் ஒரு பிரதி சேமித்து வை. பணம் தருகிறவர் முடிந்த படத்துக்குத்தானே தருகிறார் என்பதும் நியாயம்தான். எனவே வரைவுக்கான நாட்களையும் சேர்த்தே கூலி பேசு.

குவெர்ச்சினோவின் தாள்களை அவருடைய சகோதரி மகன்கள் காத்தார்கள். அவற்றின் மிகப் பெரிய தொகுப்பு இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் அரச சேகரிப்பில் இருக்கிறது. உன் வரைவுகளிலும் தேதி போட்டுவை, கிழித்து எறியாதே. அடுத்த படத்துக்கு உனக்கு வாத்தியார் அவைதான்.