மூன்று கோட்டை மலைப்பயணம்: இறக்கத்துக்கு உடம்பைப் பழக்குவது எப்படி?

குளிர்காலம் நெருங்கும்போது, மகாராஷ்டிரத்தின் ராஜ்கட், தோரணா, ராய்கட் கோட்டைகளை இணைத்து நான்கைந்து நாள் நடக்கத் திட்டமிடும் குழுக்கள் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “உயரம் ஒத்துக்கொள்ளுமா? டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?” வேண்டாம். இந்தப் பாதையில் மிக உயரமான தோரணாவே 1,403 மீட்டர்தான். கொடைக்கானல் அதைவிட உயரம். உயர மலைநோய் (காற்றில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு) பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அந்த மாத்திரையோ சிறுநீரைப் பெருக்கும். தண்ணீர் கிடைக்காத மலைமுகட்டில் அதை விழுங்குவது, இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு இருக்கும் நீரையும் இழப்பதாகும்.

உண்மையான சிக்கல் இந்தக் கோட்டைகள் நிற்கும் சஹ்யாத்ரி மலைத்தொடரின் அமைப்பில் இருக்கிறது. கிழக்கே தக்காணப் பீடபூமி. மேற்கே அது சுவர்போல் செங்குத்தாக அறுபட்டுக் கொங்கணக் கடலோரத்தில் விழுகிறது. ராஜ்கட்டில் ஏறி, சஞ்சீவனி மாச்சி வழியே முகட்டில் நடந்து தோரணாவின் புத்லா மாச்சியை அடைவீர்கள் (மாச்சி என்பது கோட்டை உச்சிக்குக் கீழே நீண்டிருக்கும் அரண் சூழ்ந்த மேடை). பிறகு மோஹரி, சிங்காபூர் போன்ற விளிம்புச் சிற்றூர்கள். இந்தச் சிங்காபூருக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அங்கிருந்துதான் கணவாய் இடுக்கு வழியாகக் கொங்கணத்துக்கு இறங்க வேண்டும். இடுக்கு என்றால் மழைநீர் அறுத்த பிளவு. உருளும் கருங்கற்கள், முழங்கால் உயரப் பாறைகள். பயணத்தின் மிகக் கடினமான இறக்கம், கால்கள் ஏற்கெனவே களைத்துப்போன மூன்றாம் நாளை ஒட்டித்தான் வருகிறது. திட்டம் போடும்போது பலரும் ஏற்றங்களை மட்டுமே எண்ணுகிறார்கள்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். அதனால் நாமே நின்றுவிடுகிறோம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். இதை நீட்சிச் சுமை (நீளும் தசை தடைக்கட்டைபோல் வேலை செய்தல்) என்கிறோம். இதில் மூச்சு வாங்குவது குறைவு என்பதால் எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடையும். வலியைவிட முக்கியமானது, அந்த நாட்களில் தசையின் பலமும் குறைந்திருக்கும் என்பது. முதல் நாள் ராஜ்கட்டில் ஓடி இறங்கிய இளைஞர் மூன்றாம் நாள் இடுக்கில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறிகளைப் பிரித்துப் பாருங்கள். இரு தொடைகளிலும் பரவலான வலி, உட்கார்ந்து எழும்போது இறுக்கம் என்றால் அது தசை வலி; ஓய்விலும் மெதுவான நடையிலும் தணியும். முழங்கால் சில்லைச் சுற்றி, இறங்கும்போது மட்டும் குத்துகிறதா? சில்லு மூட்டு எரிச்சலாக இருக்கலாம். சுமையைக் குறைத்துத் தொடரலாம். மூட்டு வீங்குகிறது, பூட்டிக்கொள்கிறது, கால் ஊன்றும்போது மடங்கிவிடுகிறது என்றால் நடைப்பயணம் அவருக்கு அங்கேயே முடிந்தது. தசை வலி மிகக் கடுமையாகிச் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது ராப்டோமயோலிசிஸ் (சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்தல்) ஆக இருக்கலாம். அதற்கு மருத்துவமனை தவிர வேறு வழியில்லை.

இறக்கத்தின் சுமைக்கான மருந்து பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குகிறது. மாடிப்படி ஏறுவதைப் பலர் பழகுகிறார்கள், இறங்கப் பழகுங்கள். வாரம் இருமுறை, முதலில் சுமையின்றி, பிறகு ஐந்தாறு கிலோ பையுடன், ஒவ்வொரு படியிலும் மெதுவாகக் காலை இறக்கி ஊன்றுங்கள். ஒருமுறை இறக்கச் சுமையைச் சந்தித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையில் குறைவாகவே சேதமடைகிறது என்பது உடற்பயிற்சி மருத்துவத்தில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் செஞ்சியின் ராஜகிரி நல்ல பயிற்சிக் களம். பொருத்தமும்கூட: 1689இல் ராய்கட் முகலாயர் முற்றுகையில் இருந்தபோது வெளியேறிய சிவாஜியின் மகன் ராஜாராம் வந்து சேர்ந்தது செஞ்சிக்கே. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட்டும் ராய்கட்டும் செஞ்சியும் இருக்கின்றன.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பை எட்டு, ஒன்பது கிலோவைத் தாண்ட வேண்டாம். இரு கைத்தடிகள் முழங்கால் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் இடுக்கில் இறங்கும்போது அவற்றை மடக்கிப் பையில் கட்டிவிடுங்கள். அங்கே கைகள் பாறையைப் பிடிக்கத் தேவை. அடிகளைச் சிறிதாக வையுங்கள். கட்டைவிரல் ஷூவின் முனையில் இடித்தால் நகம் கறுத்து விழும். நகங்களைக் கத்தரித்து, இறங்கத் தொடங்கும் முன் கணுக்காலருகே கயிற்றை இறுக்குங்கள்.

நடைக்கு முன்பே “வலிக்காமல் இருக்க” வலிமாத்திரை போடும் பழக்கம் குழுக்களில் பரவிவருகிறது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும். நடக்கும் நாட்களில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. முதல் நாள் இரவே யாராவது சூடான எண்ணெயோடு வந்து காலை அழுத்தி உருவ முன்வருவார். அன்போடு மறுத்துவிடுங்கள். கிழிந்த நாரைக் கசக்குவதால் அது சீக்கிரம் ஆறாது. மென்மையான தடவல் போதும்.

அடுத்தது வெயில். கறுப்பு எரிமலைப் பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கித் திருப்பி உமிழும். ராஜ்கட்டிலிருந்து தோரணாவுக்கு முகட்டு வழி பழகிய கால்களுக்கே ஆறேழு மணி நேரம். நிழல் குறைவு, இடையில் நீரை நம்ப முடியாது. கோட்டைகளில் பாறையைக் குடைந்த தொட்டிகள் உண்டு. பிப்ரவரி தாண்டினால் பல வற்றும் அல்லது பாசி பிடிக்கும். துணியில் வடித்து, கொதிக்கவைத்து அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி காத்திருந்து குடியுங்கள். முகட்டு நாளில் ஆளுக்கு மூன்று, நான்கு லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி நடுவரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் அந்த இடுக்குகள் நீர்வீழ்ச்சிகள். மார்ச்சுக்குப் பிறகு வெயிலோடு காய்ந்த புல்லும் சேர்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ என்ன செய்தது என்பதைத் தமிழ்நாட்டு மலையேறிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

வெப்பச் சோர்வில் தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை இருக்கும். ஆனால் ஆள் தெளிவாகப் பேசுவார். நிழல், காலை உயர்த்திப் படுக்கவைத்தல், உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும். பேச்சு குழறினால், காரணமின்றிச் சண்டை போட்டால், நேராக நடக்க முடியாவிட்டால் அது வெப்ப வாதம் (உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறி மூளை பாதிக்கப்படுதல்). வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. நடந்து வந்தவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கலாம். முதல் வேலை குளிர்விப்பது. தூக்கிச் செல்வது அதற்குப் பிறகுதான். இருக்கிற நீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது. சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொள்வதும் பயன் தராது. அதைச் சமையலுக்குக் கொடுத்துவிடலாம்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்களுக்கு ஹைப்போநேட்ரீமியா (இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைதல்) வரலாம். விரல்களில் மோதிரம் இறுகும், வயிறு உப்பும், தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம். நீரிழப்பு என்று நினைத்து இவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது கேடு. காலையிலிருந்து எவ்வளவு குடித்தார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள். நிறையக் குடித்து, நிறமற்ற சிறுநீராகப் போயிருந்தால் நீரை நிறுத்தி உப்புள்ள தின்பண்டம் கொடுங்கள். குழப்பம் தெரிந்தால் மருத்துவமனை. இதைத் தவிர்க்கத் தாகத்துக்குக் குடியுங்கள். நாளின் ஒரு பங்கு உப்புச்சர்க்கரைக் கரைசலாக இருக்கட்டும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். குறைத்துக் கரைப்பது வேண்டாம். அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடல்ல.

கோட்டைச் சுவர்களிலும் பாறை முகங்களிலும் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். புகை, கூச்சல், வாசனைத் திரவியம் மூன்றையும் தவிருங்கள். தாக்கினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள்; ஆனால் விளிம்பு எந்தப் பக்கம் என்று பார்த்து. கொடுக்குகளை நகத்தால் உடனே வழித்து எடுங்கள். சுண்ணாம்பு தடவ நேரம் செலவிட வேண்டாம். உதடு வீக்கம், மூச்சுத்திணறல், உடல் முழுதும் தடிப்பு வந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. அட்ரினலின் ஊசி உடனே தேவை. இரவில் கோட்டைக் கோவில் தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கட்டுவிரியன் தூங்குபவரை வலியின்றிக் கடிக்கும். விடியலில் வயிற்றுவலியும் இமை தொங்கலும் கண்டால் கடியை எண்ணிப் பாருங்கள். பாம்புக்கடியில் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட பகுதியை அசைக்காமல், நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு. மகாராஷ்டிரத்திலும் 108 வேலை செய்யும். முகட்டில் சிக்னல் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. எனவே உள்ளூர் வழிகாட்டி ஒருவர் அவசியம்.

குழுவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேகத்தை முடிவு செய்வது மிக மெதுவாக நடப்பவர்தான். அவரை முன்வரிசையில் விடுங்கள். கடைசியில் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து எழும்போதுதான் அவர் வந்து சேர்வார். அவருக்கு ஓய்வே கிடைக்காது. இடுக்கில் நால்வர் ஐவராக இறங்குங்கள், ஒருவருக்கு நேர் மேலே மற்றவர் வேண்டாம், தலைக்கவசம் போடுங்கள்.

தோரணாவில் மெங்காயி கோவிலில் தங்கும் இரவு ஒவ்வொருவரையும் ஒரு பாறையிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். முடியாதவர் மறுநாள் காலை அடிவார ஊரான வேல்ஹேவுக்கு இறங்கி, சாலை வழியே சென்று ராய்கட்டில் சேர்ந்துகொள்ளட்டும். தவறினால் மோஹரியில் இன்னொரு வாய்ப்பு உண்டு; அங்கும் வண்டி வரும். இடுக்குக்குள் போனபின் காயப்பட்டவரைத் திரும்ப மேலே கொண்டுவருவது மிகக் கடினம். முன்பே விலகிக்கொள்வதால் யாரும் கோழையாகிவிட மாட்டார்கள். ராய்கட்டுக்கும் கம்பிவட ஊர்தி இருக்கிறது. 1674இல் சிவாஜி முடிசூடிய இடத்தை அதில் ஏறிப் போய்ப் பார்த்தாலும் அதே இடம்தான்.

ஊர் திரும்பும் ரயிலில் ஒரு முழு நாள் அசையாமல் உட்கார வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, கணுக்காலைச் சுழற்றுங்கள். இரு கால்களும் சற்று வீங்குவது இயல்பு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், அதைத் தசை வலி என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.