சங்கத்துச் சுமைவண்டியும் டீசல் கணக்கும்

சொந்தமாகச் சுமைவண்டி வைத்துள்ள சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லும்போது, வண்டியின் லாக் புத்தகத்தையும் பார்ப்பது எனது வழக்கம். 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வெளிவந்து, மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டியது முதல், சிறு சுமைவண்டிகள் நமது பக்கத்துச் சாலைகளில் மலிந்துவிட்டன. வண்டி வாங்கும்போது விலையைப் பற்றிப் பல கூட்டங்களில் விவாதிக்கிறோம். வாங்கிய பின்னர் அது குடிக்கும் டீசலைப் பற்றி விவாதம் எழுவதில்லை. சந்தேகம் மட்டுமே எழுகிறது. அந்தச் சந்தேகமும் எப்போதும் ஓட்டுநர் மீதே விழுகிறது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டால், உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால்தான் தயக்கம் உண்டாகிறது. பெரும்பாலும் பங்கில் ரூபாய்க் கணக்கில் டீசல் போடுகிறோம். இன்று 1,000 ரூபாய்க்கு, நாளை மறுநாள் 1,500 ரூபாய்க்கு. ஒவ்வொரு முறையும் டேங்கில் மிச்சம் இருந்தது எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, வாங்கிய டீசல் வேறு, செலவான டீசல் வேறு என்ற பேதமே நமது புத்தகங்களில் இல்லாமற்போகிறது. பண்டசாலையில் ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் எழுதாமல் விற்பனையைக் கணக்கிட எந்தச் செயலாளராவது ஒப்புவாரா? வண்டியின் டேங்கும் ஒரு பண்டசாலையே.

இதற்கு முறை எளியது. ஒரு நாள் காலையில், வண்டி சமதரையில் நிற்க, டேங்கை நிரப்ப வேண்டும். குழாய் தானாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். ததும்பத் ததும்ப ஊற்றுதல் கூடாது. அப்போது மீட்டர் காட்டும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, டேங்க் முக்கால் பங்கு காலியான பிறகு, அதே பங்கில், கூடுமானால் அதே குழாயில், அதே விதமாக மீண்டும் நிரப்ப வேண்டும். இப்போது ஊற்றிய லிட்டரே இடைப்பட்ட ஓட்டத்திற்குச் செலவான டீசல். முதலில் மீட்டர் 48,210 என்றும், பின்னர் 48,722 என்றும் காட்டி, இரண்டாம் முறை 38.4 லிட்டர் பிடித்தது என்று கொள்வோம். ஓடியது 512 கிலோமீட்டர், லிட்டருக்கு 13.3.

ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்டுதல் தகாது. நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடவோ குறையவோ போகலாம். 10 லிட்டருக்கு ஒரு லிட்டர் பிழை என்றால் நூற்றுக்குப் பத்து. 40 லிட்டருக்கு என்றால் நூற்றுக்கு இரண்டரைதான். நான்கு முறை தொடர்ந்து நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் அந்தப் பிழை இன்னும் தேய்ந்துவிடும். நான்கு மைலேஜ்களையும் கூட்டி நான்கால் வகுப்பதும் சரியன்று. மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே முறை.

மீட்டரையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம். விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. 20 கற்களைக் கடப்பதற்குள் மீட்டர் 20.6 காட்டினால், அது நூற்றுக்கு மூன்று மிகைப்படுத்துகிறது என்று பொருள். நாம் 13.3 என்று நம்பியது உண்மையில் 12.9 ஆகிவிடும். டயர் தேய்ந்தாலும், அளவு மாறிய டயரைப் பூட்டினாலும் இந்த வேறுபாடு உண்டாகும். பங்கின் அளவில் ஐயம் இருப்பின், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கேட்டு அளந்து பார்க்க ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டருக்கு மேல் குறைவு இருத்தல் கூடாது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு கவனமாக அளந்த எண்ணும் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு மாதம் மைலேஜ் 13-இலிருந்து 12-க்கு இறங்கிவிட்டது. நிர்வாகக் குழு கூடி, வித்தியாசமான டீசலின் கிரயத்தை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியது. மாதத்திற்கு மாதம் முழு டேங்க் நிரப்பி ஒழுங்காகக் கணக்கு எழுதிய சங்கம் அது என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், பயணச் சீட்டுகளைப் புரட்டியபோது வேறொரு செய்தி புலப்பட்டது. முந்தைய மாதங்களில் துணி ஏற்றி மதுரைக்குச் சென்ற வண்டி வெறுமனே திரும்பியது. அந்த மாதத்தில் மட்டும் ஒவ்வொரு நடையிலும் நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது.

எண்களைக் கணக்கின் சௌகரியத்துக்காகச் சீராக்கித் தருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒரு டன் சுமையோடு வண்டி லிட்டருக்கு 12-ம், வெறுமனே 15-ம் ஓடுவதாகக் கொள்வோம். போகும்போது 6.25 லிட்டர், வெறுமனே திரும்ப 5 லிட்டர், ஆக 11.25 லிட்டர். மைலேஜ் 13.3. திரும்பும்போதும் ஒரு டன் நூல் ஏற்றினால் மொத்தம் 12.5 லிட்டர், மைலேஜ் 12-தான். ஓட்டுநர் குற்றவாளி போலத் தோன்றுகிறார்! ஆனால் கூடுதலாகச் செலவான டீசல் 1.25 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 112 ரூபாய் 50 காசு. இத்தொகைக்கு ஒரு டன் நூல் மதுரையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல முன்னர் 150 மில்லி லிட்டர் செலவானது. இப்போது 83 மில்லி லிட்டர்.

முந்தைய மாதங்களில் அதே நூல் வாடகை லாரியில் வந்தது. அந்த வாடகை லாக் புத்தகத்தில் ஏறாமல், நூல் கொள்முதல் தலைப்பில் எழுதப்பட்டு வந்தது. இதனாலேயே மிகச் சிக்கனமான மாதம் மிக மோசமான மாதமாகக் குழுவின் கண்ணுக்குப் பட்டது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ரத்தாகி, பிடித்த தொகையும் ஓட்டுநருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆகவே, லாக் புத்தகத்தில் கிலோமீட்டர், லிட்டர் ஆகிய பத்திகளோடு, போகும் சுமை எத்தனை கிலோ, வரும் சுமை எத்தனை கிலோ என்ற இரு பத்திகளும் அவசியம். சுமை ஒன்றாயிருக்கும் நடைகளை ஒப்பிட்டால்தான் வண்டியில் கோளாறா, ஓட்டும் முறையில் கோளாறா என்பதைத் தீர்மானிக்க இயலும்.

கோளாறுகளில் பல செலவின்றிச் சரிசெய்யக் கூடியவை. பஞ்சு ஏற்றும் வண்டிகளில் ரேடியேட்டரின் முன்புறமும் காற்று வடிகட்டியிலும் பஞ்சுத் தூசி படிந்துவிடுகிறது. கரிசல் புழுதியும் அதனோடு சேர்கிறது. மூச்சு முட்டும் எஞ்சின் கரும்புகை கக்கும். டயர்க் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். நமது வெயிலில் மத்தியானம் பார்த்துவிட்டு, 'அழுத்தம் அதிகம்' என்று காற்றை இறக்கிவிடுவோர் மறுநாள் தளர்ந்த டயரில் ஓட்டுகிறார்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினால், பிரேக் உரசுகிறதா என்பது உடனே தெரியும். ரயில்வே கேட்டிலும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து வரிசையிலும் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது வீண். சிறு டீசல் எஞ்சினும் இவ்வாறு மணிக்கு அரை லிட்டரை ஒட்டிக் குடித்துவிடும்.

விவசாயிகள் சங்கத்தார் வேகத்தைத் தனியே கவனிக்க வேண்டும். பருத்தி எடை குறைந்த, இடம் நிறைந்த சரக்கு. வண்டிமேல் வைக்கோற்போர்போல் உயர்ந்து நிற்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. 60-இல் செல்லும் வண்டியை 80-இல் விரட்டினால், எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். 1978-இல் தோன்றிய பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே பரிந்துரைத்து வருகிறது. நான்குவழிச் சாலையைக் கண்டதும் இது மறந்துபோகிறது. தார்ப்பாய் படபடக்காமல் இழுத்துக் கட்டுவதும், சுமையைத் தாழ்த்தி அடுக்குவதும் டீசலை மிச்சப்படுத்தும்.

திரும்புசுமையைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் செல்லும் வண்டிக்குப் பட்டாசுப் பெட்டிகள் ஏற்றும்படி அழைப்பு வரக்கூடும். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் 2008-இல் வகுத்த விதிகளும் வெடிபொருள் ஏற்றும் வண்டிக்கும் அதனை ஏற்றிச் செல்லும் முறைக்கும் தனி நிபந்தனைகள் விதித்துள்ளன. பஞ்சும் துணியும் ஏற்றும் சங்கத்து வண்டி அதற்கு உரியதன்று. வாடகை எவ்வளவு கூடுதலாயினும் நிர்வாகக் குழு இடங்கொடுத்தல் கூடாது. அதே சிவகாசியில் நோட்டுப் புத்தகமும், நாட்காட்டியும், அட்டைப்பெட்டியும் அச்சகங்களிலிருந்து வெளியூர் செல்லக் காத்திருக்கின்றன. நமது விவசாயச் சங்கங்களுக்கோ உரமூட்டைகள் வந்தாக வேண்டும். மிளகாயும் பருத்தியும் இறக்கிய நாளிலேயே உரத்தை ஏற்றிவர ஏதுவாக, விற்பனைக்கூடத்து நாளையும் உரக் கொள்முதல் நாளையும் ஒரே கிழமையில் அமைத்துக்கொள்ளும்படி அடுத்த குழுக் கூட்டத்திலேயே பேசி முடிக்கலாம்.