சுவா சூ காங் நூலகத்தில் தமிழ் நூல் தேடுவோருக்கு

லாட் ஒன் கடைத்தொகுதியில் 1997 முதல் இயங்குகிறது சுவா சூ காங் பொது நூலகம். அதன் பட்டியல் கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. சிங்கப்பூர் நூலகங்களின் பட்டியல்களை இணைக்க, சைலாஸ் என்ற கணினிச் சேவை 1987இல் வந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கு அட்டைப் பெட்டிதான்: மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகள், அடியில் துளை, துளைவழியே ஒரு கம்பி. புனைபெயரில் தேடினால், இயற்பெயரைக் ‘காண்க’ என்று ஓர் அட்டை வழிகாட்டும். கணினியிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஆனால், தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பெயர்களை இணைத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். முன்னெழுத்தை விட்டுவிடுங்கள்.

• சிக்காவிட்டால் ஆங்கில எழுத்துக்கு மாறுங்கள். உலக நூலகங்கள் பலவும் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறை நம் வழக்கத்திலிருந்து வேறுபட்டது. ‘புதுமைதாசன்’ என்ற பெயரில் ‘த’வுக்கு நாம் ‘டிஎச்’ (th) போடுவோம், ‘ச’வுக்கு ‘எஸ்’ (s). அந்த முறையில் ‘த’வுக்கு வெறும் ‘டி’ (t), ‘ச’வுக்கு ‘சி’ (c). இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

• இயற்பெயரிலும் தேடுங்கள். 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்ற எழுத்தாளர் மா. இளங்கண்ணனின் இயற்பெயர் பாலகிருஷ்ணன். 2008இல் பெற்ற புதுமைதாசன், பி. கிருஷ்ணன்.

• நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள். பட்டியலில் பிழை கண்டால் சொல்லுங்கள், சொன்னால்தான் திருத்துவார்கள்.

செய்யக்கூடாதவை

• திரையில் எதுவும் வரவில்லை என்றதும் கிளம்பிவிடாதீர்கள். வேறு கிளையில் இருந்தால் முன்பதிவு செய்யலாம். பழைய உள்ளூர்ப் படைப்பா? 2015இல் வெளியான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய மின்தொகுப்பையும் பாருங்கள்.

• எடுத்த நூலைக் கண்ட இடத்தில் செருகாதீர்கள். பட்டியல் ‘உள்ளது’ என்றே காட்டும். அடுத்தவர் தேடிக் களைத்துப்போவார்.

• எழுத்தாளர்களே, ஒவ்வொரு நூலிலும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவையை மாற்றாதீர்கள். ஒருவரே மூவராகப் பதிவாக நேரும். சிங்கப்பூரில் வெளியிடும் நூலின் இரண்டு பிரதிகளை நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டம். பதிப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். கொடுத்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள்.