பழைய உதிரிப்பாகம் வாங்கச் செல்லுமுன்

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு மோட்டார் வாகனம் ஆடம்பரப் பொருள் அன்று. ஈஜோக்கிலிருந்தோ, முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ வேலைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல அதுவே துணை. வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடுகிறது. புதிய உறுப்பின் விலை கட்டுப்படியாகாத வேளையில் பழைய உதிரிப்பாகக் கடைகளை நாடுகிறோம். தக்க ஆயத்தத்தோடு சென்றால் பணம் மிச்சமாகும். இன்றேல் மலிவாக வாங்கியதே பெருஞ் செலவாகிவிடும்.

இக்கடைகளில் 'ஹாஃப் கட்' என்னும் பாதி வண்டிகளைக் காண்கிறோம். ஜப்பானில் கார்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயச் சோதனை உண்டு. அதன் செலவை விரும்பாத பலர் நல்ல நிலையிலுள்ள கார்களையும் கழித்துவிடுகின்றனர். அங்கும் இங்கும் வண்டிகள் சாலையின் இடப்புறமே செல்வதால் அவற்றின் பாகங்கள் நமக்குப் பயன்படுகின்றன. 1985இல் வந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. 1994இல் வந்த பெரோடுவா கான்சில், டைஹாட்சு மீராவைத் தழுவியது. ஆயினும் பெயர் ஒன்றாயிருப்பதால் உறுப்பும் பொருந்தும் என எண்ணலாகாது. ஆண்டுக்கு ஆண்டு தாங்கியும் மின் இணைப்பும் மாறுபடலாம்.

எனவே, முதல் வேலை வீட்டில்தான். பழுது எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாட்டரி அடிக்கடி இறங்கினால் ஆல்டர்னேட்டர் கெட்டது என உடனே முடிவு கட்டுதல் தகாது. தளர்ந்த பெல்ட்டும் பூத்துப்போன பாட்டரி முனையும்கூடக் காரணமாகலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் பொதுவாகச் சரியாக உள்ளது என்று கொள்ளலாம்.

அடுத்து, வண்டியின் வகை, ஆண்டு, எஞ்சின் குறியீடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். கழற்றிய பழைய உறுப்பையே கொண்டுசெல்வது மிக நன்று. புதிய உறுப்பின் விலையையும் கேட்டறிந்து சென்றால் பேரம் பேச வழியுண்டு.

சில கடைகளில் பணியாளரே கழற்றித் தருவர். வேறு சிலவற்றில் நாமே கழற்ற நேரும். ஜப்பானியக் கார்களுக்கு 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பானர்கள் பெரும்பாலும் போதும். துரு இளக்கும் எண்ணெய், திருப்புளி, கைவிளக்கு, தடித்த கையுறை, மூடிய காலணி ஆகியனவும் தேவை. கழற்றிய திருகாணிகளைப் பையிலிட்டுப் பெயரெழுதி வைப்பது நலம்.

ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது. மின் உறுப்பைத் தொடுமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். பெட்ரோல் கசியும் இடத்தில் புகைபிடித்தல் கூடாது. பழைய வண்டிகளினுள் பாம்பும் தேளும் தங்கக்கூடும். ஆகவே, பார்க்காமல் கைவிடுதல் தவறு.

எல்லா உறுப்புகளையும் பழையதாக வாங்கலாகாது. பிரேக் பட்டை, பிரேக் குழாய், டைமிங் பெல்ட், இருக்கைப் பட்டி ஆகியவற்றின் தேய்மானமும் பழுதும் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றுப்பையும் அவ்வாறே. தக்காத்தா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகள் வெடித்ததால் நம் நாட்டிலும் உயிரிழப்பு நேர்ந்துள்ளது. பழைய டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு எண்களையும் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் அத்தகைய அபாயம் குறைவு.

இறுதியாக, ரசீது பெறாமல் திரும்பலாகாது. பொருந்தாவிடில் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவர் என்பதையும் அதில் எழுதி வாங்குவோம். முழு எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்தல் கட்டாயம். அதற்குக் கடை தரும் ஆவணங்கள் அவசியம். எண் சுரண்டப்பட்ட எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் ஒதுக்குதலே அறிவுடைமை. திருட்டுப் பொருளென அறிந்தும் வாங்குவது குற்றவியல் சட்டம் 411ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

உழைத்துச் சேர்த்த வெள்ளியை நாம் விழிப்போடு செலவிடுவோமாக. வண்டியில் ஏறும் நம் குடும்பத்தாரின் உயிரும் அந்த விழிப்பில் அடங்கியுள்ளது.