பிள்ளை பிறக்குமுன் பதிவு செய்யுங்கள்

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கணவர் கிள்ளான்காரர், மலேசியக் குடிமகன். தை மாதம் இங்கே ஒரு கோயிலில் தாலி கட்டினார். பதிவு செய்யவில்லை. இப்போது எனக்கு ஐந்து மாதம். "பிள்ளை பிறந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். என் பிள்ளைக்கு அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசி போடுவார்களா? பிறகு பாலர் பள்ளியில் இடம் கிடைக்குமா?
- ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில், கேட்காத ஒன்றில் இருக்கிறது. பிரசவத்துக்கு முன் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மாமியார் சொல்வதைக் கேட்காதீர்கள்.

1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்தால்தான் மலேசியாவில் செல்லும். ஊர் கூடி நடத்திய கல்யாணமானாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்துக்கு நீங்கள் மணமாகாதவர். மணமாகாத தாயின் பிள்ளைக்கு அரசியலமைப்பு தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும், தந்தையுடையதை அல்ல. இருவரும் சேர்ந்து கேட்டால் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ஏறும். அதைப் பார்த்துப் பல குடும்பங்கள் நிம்மதியாக இருந்துவிடுகின்றன. அதே தாளில் 'புக்கான் வார்கநெகாரா', அதாவது குடிமகன் அல்லாதவர், என்று அச்சாகியிருப்பதைப் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

பிறந்த பிறகு பதிவு செய்தால் போதாதா? பிலிப்பீன்ஸில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தந்தை மலேசியர், பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்துத் திருமணம் பதிவானது. பிறந்த நாளின் நிலைதான் கணக்கு என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். பெற்றோரின் தாமதத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்கும் சட்டம் இது. மாற வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதுவரை உங்கள் பிள்ளை காத்திருக்க முடியாது.

பதிவு செய்ய, நீங்கள் சட்டப்படி மணமாகாதவர் என்பதற்கு இந்தியத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். ஊரிலிருந்து தாள் வரவேண்டியிருந்தால் இன்றே எழுதுங்கள். தேசியப் பதிவு இலாகாவில் மனு கொடுத்த பின் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அதற்குள் உங்கள் வருகை அனுமதி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

பிரசவத்துக்கு முன் திருமணப் பதிவு முடிந்திருந்தால், இங்கே பிறக்கும் உங்கள் பிள்ளை பிறந்த கணமே மலேசியக் குடிமகன். கிளினிக்கில் தடுப்பூசி இலவசம். அரசாங்கத்தின் கெமாஸ் பாலர் பள்ளியிலோ தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பிலோ மற்றப் பிள்ளைகளைப் போலவே மனுச் செய்யலாம்.

முடியாமல் போனாலும் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குடிமகன் அல்லாத குழந்தைக்கும் போடுவார்கள், கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கட்டணமே தவறு. 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2019 டிசம்பரில் சபாவில் போலியோ திரும்பியபோது, குடிமகன் அல்லாத குழந்தைகளுக்கும் தேடித் தேடிச் சொட்டு மருந்து கொடுத்தது இதே அரசாங்கம்தான். குடியுரிமைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். அது அரசாங்கத்தின் விருப்பம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்த நிலை வந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

திருமணப் பதிவு அதிகாரம் பெற்ற கோயில்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கின்றனவா என்று கேட்டு, அங்கேயே முடிக்கப் பாருங்கள். இந்த வாரமே கணவரை அழைத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போங்கள், சகோதரி.